தொடை எலும்பு குட்டை என்று ஸ்கேனில் வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'தொடை எலும்பு நீளம் குறைவு' என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்ப்பதுதான் என் வேலை. அந்த ஒரு வரியோடு கலங்கி வருகிறவர்களில் பலருடைய குழந்தைக்கு ஒரு குறையும் இருக்காது. வேறு சிலருக்கோ நிஜமாகவே சிக்கல் இருக்கும். ஆனால் 'அப்பா குள்ளம், அதான் பிள்ளையும்' என்று யாரோ ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இரண்டு பக்கமும் நடப்பது ஒரே தவறுதான்: ஒற்றை எலும்பின் ஒற்றை அளவை வைத்து முடிவுக்குப் போவது.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். ஒரு முறை ஒரு பெண் மாமியாரோடு வந்தார். கடைசி மாதவிலக்குக் கணக்குப்படி 20 வாரம். தொடை எலும்பு 28 மில்லிமீட்டர்; அந்த வாரத்துக்கு 33 அளவில் இருக்க வேண்டும். விசாரித்தால், அவருக்கு மாதவிலக்கு வருவதே 40 நாளுக்கு ஒருமுறை. பையைத் துழாவி, நான்காக மடித்துக் கசங்கிப்போன மூன்றாம் மாத ஸ்கேன் தாளை எடுத்துக் கொடுத்தார். அதன்படி அன்றைக்குக் கருவின் வயது 18 வாரம் 2 நாள்தான். தலை, வயிறு, தொடை மூன்றும் அந்த வயதுக்குச் சரியாகப் பொருந்தின. இந்தக் கட்டத்தில் தொடை எலும்பு வாரத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கணக்கு பன்னிரண்டு நாள் பிசகியதற்கே இவ்வளவு பயம்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. மூன்றாம் மாத ஸ்கேனில் தேதி உறுதியான பிறகு, எலும்பு குட்டையாக இருக்கிறதே என்று பிரசவத் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளினால் உண்மையான கோளாறு அந்தக் கணக்குக்குள் மறைந்துவிடும். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்புறம், அளக்கும் விதம். எலும்பு ஒலி அலைக்குக் குறுக்கே கிடக்கும்போது அளக்க வேண்டும். சாய்ந்து கிடந்தால் நீளம் குறைவாகவே வரும். அடியில், கருவியிலிருந்து தள்ளி இருக்கும் தொடை எலும்பு பல நேரம் வில் மாதிரி வளைந்து தெரியும். அது கோணத்தால் வரும் தோற்றம். குழந்தை புரண்டதும் அதே எலும்பு நேராக நிற்கும். கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

அளவு நிஜமாகவே குறைவுதான் என்றால், தொடையோடு நிற்காமல் உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும். தொடை எலும்பும் பாதமும் ஏறக்குறைய ஒரே நீளம் இருப்பது இயற்கை. குடும்ப வாகில் சின்ன உடம்புக்காரக் குழந்தைக்குப் பாதமும் சேர்ந்தே சின்னதாக இருக்கும். பாதம் சரியான நீளத்தில் இருக்க, தொடை மட்டும் குட்டையாகி, தொடை நீளத்தைப் பாத நீளத்தால் வகுத்து வரும் விகிதம் 0.87-க்குக் கீழே போனால் எலும்பு வளர்ச்சிக் கோளாறைத் தேட வேண்டும். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாவிட்டாலும் தொடை குட்டையாகலாம். அதனால் ரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்க்காமல் விடக் கூடாது.

உயிருக்கு ஆபத்து உண்டா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் மார்புக்கூட்டில் இருக்கிறது. மார்பு குறுகிப்போனால் நுரையீரல் வளர இடமில்லை. தொடை நீளத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்து 0.16-க்குக் கீழே வந்தால் அது கவலைக்குரிய அறிகுறி. குழந்தை பெரும்பாலும் பிழைக்காத தானடோஃபோரிக் டிஸ்பிளேசியா என்ற எலும்புக் கோளாறில் இப்படித்தான் இருக்கும். எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டாவின் கடுமையான வகையில் மண்டையோடு அவ்வளவு மெல்லியது. கருவியை லேசாக அழுத்தினாலே அமுங்கும், மூளை வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரியும். தொடையை மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

'ஐந்தாம் மாத ஸ்கேன் நார்மல், இனி கவலையில்லை' என்பதும் தவறு. கை கால் குட்டையாக வளரும் அகான்ட்ரோபிளேசியா என்ற கோளாறில் பெரும்பாலும் 20 வாரத்தில் தொடை எலும்பு சரியாகவே இருக்கும். ஏழாம் மாத வாக்கில்தான் பின்தங்கத் தொடங்கும். இந்தக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்குப் பொதுவாகக் குறை இல்லை. 'குட்டை எலும்பு' என்ற ஒரே சொல்லுக்குள், பிறந்து சில மணி நேரமே வாழும் குழந்தையும் படித்து வேலைக்குப் போகும் குழந்தையும் இருக்கிறார்கள். அதனால் எந்த வகை என்று தெரியாமல் எந்த முடிவையும் எடுக்காதீர்கள்.

வகை தெரிய மரபணுப் பரிசோதனை வேண்டும். இங்கே ஒரு பெரிய குழப்பம்: தாயின் ரத்தத்தில் டவுன் சிண்ட்ரோமுக்காகச் செய்யும் வழக்கமான பரிசோதனை நார்மல் என்றால் எலும்புக் கோளாறும் இல்லை என்று நினைக்கிறார்கள். அது குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பார்க்கும் சோதனை. அகான்ட்ரோபிளேசியா எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற ஒரே மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால் வருவது. அதைப் பிடிக்கப் பனிக்குட நீரை எடுத்து அந்த மரபணுவையே படிக்க வேண்டும்.

தயவுசெய்து தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று அழுதுகொண்டிருக்கும் பெண்ணைப் பேச்சால் இன்னும் குத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அகான்ட்ரோபிளேசியாவில் 80 சதவீதம், சராசரி உயரமுள்ள பெற்றோரின் குழந்தைக்குப் புதிதாக ஏற்பட்ட மாற்றம். அப்பாவின் வயது கூடக் கூட அதற்கான வாய்ப்பும் கூடும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் மட்டும் அதை மறைக்காமல் சொல்லுங்கள். இருவரிடமும் ஒரே மரபணு மாற்றம் மறைந்திருந்து வரும் வகைகளும் உண்டு. அவற்றில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

'24 வாரம் தாண்டிவிட்டது, இனி கேட்டு என்ன பயன்' என்றும் விட்டுவிடாதீர்கள். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் அதற்குப் பிறகும் மருத்துவக் குழுவை அணுகலாம்.

கடைசியாக, கேட்க மனம் வராத ஒன்று. குழந்தை தங்காமல் போனால், அந்த வேதனையில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வீடு திரும்பத்தான் தோன்றும். அதற்கு முன் குழந்தையை முழு உடல் எக்ஸ்ரே எடுக்கவும், தொப்புள்கொடியிலிருந்து சிறு துண்டை மரபணுச் சோதனைக்கு வைக்கவும் ஒப்புக்கொள்ளுங்கள். மாற்றம் எந்த மரபணுவில் என்று தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் 11 வாரம் தாண்டியதும் நஞ்சுக்கொடித் திசுவில் அதையே நேராகத் தேடலாம். தெரியாவிட்டால் மறுபடியும் ஐந்தாம் மாதம்வரை காத்திருந்து, தொடை எலும்பை அளக்க வேண்டியதுதான்.