புதுப் புல்தரையில் காய்ந்த திட்டுகள்: ஹோஸ் பைப்பை எடுப்பதற்கு முன் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்

புல் பாய் விரித்து இரண்டு மூன்று வாரம் ஆன தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புத் திட்டுகள் தெரிய ஆரம்பித்தால், பெரும்பாலானவர்கள் முதலில் ஹோஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டு நாளில் பச்சை திரும்பாவிட்டால் ஒரு கை யூரியாவை வீசுகிறார்கள். புல்தரை போடுவதும் அதைக் காப்பாற்றிக் கொடுப்பதும்தான் என் தொழில். அழைத்த இடங்களில் நான் பார்த்த திட்டுகளில் பல தண்ணீர் போதாமல் வந்தவையே அல்ல. மேலே விட்ட தண்ணீர் கீழே போய்ச் சேராமல் வந்தவை. சில, தண்ணீர் அதிகமாகி வந்தவை. மேலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே பழுப்புதான். ஆகவே திட்டின் ஓரத்தில் விரலை நுழைத்து, பாயை மெல்லத் தூக்கிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

புதுப் புல் ஏன் இத்தனை எளிதில் வாடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பண்ணையில் பாயாக அறுக்கும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குத்தான் மண்ணோடு எடுக்கிறார்கள். வேரில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. உங்களிடம் வருவது முழு இலையும் குட்டை வேரும் உள்ள செடி. புது வேர் கீழ் மண்ணுக்குள் இறங்கும்வரை அந்த மெல்லிய மண் அடுக்கில் உள்ள ஈரம்தான் அதற்குச் சொத்து. நல்ல வெயிலில் அந்த ஈரம் ஒரே பிற்பகலில் தீர்ந்துவிடும். வேர் இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். உறுதியாகப் பிடிக்க ஒன்று ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை தரைக்கும் பாய்க்கும் நடுவே ஏற்படும் எந்தத் தடங்கலும் மேலே திட்டாகத் தெரியும்.

பழுப்பாவதற்கு முன்பே புல் தன் தாகத்தைச் சொல்லிவிடுகிறது. பளிச்சென்ற பச்சை மங்கி, நீலம் கலந்த சாம்பல் நிறம் ஏறும். இலை நீளவாக்கில் மடியும் அல்லது சுருளும். நடந்து போனால் மிதித்த இடம் நிமிராமல் காலடித் தடம் அப்படியே நிற்கும். தினமும் மதியத்துக்குப் பின் ஒருமுறை தரையின் குறுக்கே நடந்து, திரும்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் திட்டு வருவதற்கு முன்பே அது வரப்போகும் இடத்தைக் காட்டிவிடலாம்.

ஏற்கெனவே பழுத்துவிட்டதா? உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கொத்தைப் பிடுங்கி, இலையும் வேரும் சேரும் அடிப்பகுதியை நகத்தால் பிளந்தால் போதும். உள்ளே வெளிர் பச்சையோ வெண்மையோ, கெட்டியாக இருந்தால் அது பிழைக்கும். உள்வரை பழுப்பேறி, நொறுங்கினாலோ கொழகொழவென்று இருந்தாலோ அந்த இடத்துப் புல் முடிந்துவிட்டது. இலையின் நிறத்தை மட்டும் பார்த்து வெட்டி எறிந்துவிடாதீர்கள். அடி உயிரோடு இருக்கும் புல், சரியாகக் கவனித்தால் இரண்டு மூன்று வாரத்தில் தளிர்க்கும்.

தூக்கிப் பார்க்கும்போது என்ன பார்க்க வேண்டும்

பாயின் ஒரு மூலையை இரு கையாலும் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். இழுப்பைத் தாங்கிக்கொண்டு மண் பிடிவாதம் காட்டினால் வேர் இறங்கிவிட்டது. விட்டுவிடுங்கள், கிழிக்காதீர்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் எழுந்து வந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நல்ல பாயின் அடியில் நூல்போன்ற வெள்ளை வேர்கள் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும், கீழ் மண்ணும் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். கெட்ட பாயின் அடி, பண்ணையில் கத்தி அறுத்தபடியே வழவழவென்று, பழுப்பாக இருக்கும்.

அடுத்து, கீழ் மண்ணில் சுட்டுவிரலை இரண்டாம் கணுவரை குத்துங்கள். இங்கேதான் பலர் வியப்படைகிறார்கள். அன்று காலையில்தான் தண்ணீர் விட்டிருப்பார்கள். பாய் ஊறிக் கனத்துக் கிடக்கும், அதை ஒட்டியுள்ள மண்ணோ பொடிப்பொடியாக உதிரும். தண்ணீர் பாயை மட்டும் நனைத்துவிட்டு நின்றுபோயிருக்கிறது. காய்ந்த மண்ணுக்குள் வேர் இறங்காது. எனவே மேலேயே சுற்றிக்கொண்டு, வெயில் ஏறியதும் வாடுகிறது. தினமும் இருமுறை தண்ணீர் விட்டும் புல் காய்வதாகச் சொல்பவர்களின் தோட்டத்தில் நான் அடிக்கடி காண்பது இதைத்தான்.

மண்ணுக்கும் பாய்க்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பள்ளமான இடத்தில் விரித்த பாய் பள்ளத்தின் மேல் கூரைபோல நிற்கும். காலால் அழுத்தினால் அமுங்கி எழும். காற்றுக்குள் எந்த வேரும் இறங்குவதில்லை. சரிசெய்வதும் சுலபம்: பாயைத் தூக்கி, பள்ளத்தில் சலித்த மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, நனைத்து, மீண்டும் விரித்து, மேலே ஒரு பலகையைப் போட்டு அதன்மீது ஏறி மிதியுங்கள். பாய் விரித்த அன்றே உருளையை ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

திட்டின் உருவமும் பேசும்

நேர்கோடாக, பாய்கள் சேரும் விளிம்பை ஒட்டிக் காய்ந்தால் அது இணைப்பின் கோளாறு. பாய் உலரும்போது சுருங்கும். சுருங்கினால் இடைவெளி விடும். அந்த இடைவெளி வழியாக விளிம்பு இருபுறமும் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. பாயை இழுத்து நீட்டிச் சேர்க்கப் பார்க்காதீர்கள், மறுபக்கம் பிளக்கும். இடைவெளியில் மணலும் மக்கிய உரமும் கலந்து திணித்து, கையால் அழுத்தி, பூவாளியால் நனைத்தால் போதும்.

சிமென்ட் நடைபாதை, கல் வரம்பு, சுவர் ஆகியவற்றை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குக் காய்ந்தால் காரணம் சூடு. கல் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைப் பக்கத்து மண்ணில் இறக்குகிறது. அந்த ஓரங்களுக்கு மட்டும் தனியாக ஒருமுறை கையால் தண்ணீர் காட்ட வேண்டும். அதற்காக முழுத் தரையையும் நனைக்கத் தேவையில்லை.

வில்போல வளைந்தோ, மூலைகளில் முக்கோணமாகவோ காய்ந்தால் தெளிப்பான் அங்கே எட்டவில்லை. ஒரே அளவான காலி டப்பாக்களைத் தரையில் பரவலாக வையுங்கள், ஒன்று திட்டின் நடுவிலும் இருக்கட்டும். தெளிப்பானைக் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். ஓரிடத்தில் எட்டும் இன்னோரிடத்தில் இரண்டும் இருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு தெளிப்பான் வீசும் நீர் அடுத்த தெளிப்பானின் அடிவரை எட்ட வேண்டும். அப்படி இருந்தால்தான் பரப்பு சமமாக நனையும். கையால் தண்ணீர் விடுபவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் விட்டால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கடும் வெயிலில் புல்தரை நாளொன்றுக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர்வரை ஆவியாக இழக்கலாம். நூறு சதுர மீட்டருக்குத் தேவை 500 லிட்டருக்குக் குறையாது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

எந்த ஒழுங்கும் இல்லாத உருவமாக, எத்தனை தண்ணீர் விட்டாலும் அதே இடம் காய்ந்தால், எனக்கு உடனே சந்தேகம் வருவது கட்டடக் கழிவின் மேல். நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்து, திட்டில் பல இடங்களில் குத்திப் பாருங்கள். பச்சையாக உள்ள இடத்தில் ஒரு சாண் இறங்குவது திட்டில் நான்கு விரற்கடையில் முட்டி நின்றால் கீழே ஏதோ இருக்கிறது. புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில், அகலமான தட்டு ஒன்றின் அளவுக்குத் திட்டு. பாயைத் தூக்கித் தோண்டினால், வேலையாட்கள் கலவை குழைத்து மிச்சத்தை அப்படியே விட்டுப் போன இடம். இறுகிப்போன கலவைப் பாளம், மேலே கண்துடைப்பாக நான்கு விரல் மண். கடப்பாரை போட்டுப் பெயர்த்து, குழியில் நல்ல மண் நிரப்பி, பழைய பாயையே மேலே வைத்தோம். உயிர் இருந்ததால் பிடித்துக்கொண்டது. பாளம் அங்கே இருக்கும்வரை எந்த உரமும் எந்த மருந்தும் அந்தப் புல்லைக் காப்பாற்றியிருக்காது.

தண்ணீரை உள்ளே விடாத மண்

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்ட மண், குறிப்பாக மணற்பாங்கானது, பிறகு தண்ணீரை ஏற்க மறுக்கும். மக்கும் பொருட்களிலிருந்து வரும் மெழுகு போன்ற படலம் மண் துகள்களைப் போர்த்திவிடுவதே காரணம். சோதனை மிக எளிது. திட்டின் அடியிலிருந்து காய்ந்த மண்ணை எடுத்து, மட்டமாக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் நல்லது. சொட்டு உருண்டையாக ஐந்து வினாடிக்கு மேல் நின்றால் அந்த மண் தண்ணீரை விலக்குகிறது. தாமரை இலைமேல் தண்ணீர் என்று சொல்லிப் பழகிய நாம், மண்ணும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை.

இதற்கு ஒரே மூச்சில் வெள்ளமாகத் தண்ணீர் விடுவது வீண். அது பக்கத்தில் ஓடிவிடும். மண்முள் கொண்டு ஒரு சாண் இடைவெளியில், விரல் நீளத்துக்குத் துளைகள் போடுங்கள். பிறகு பத்து நிமிடம் மெல்லிய தூவலாகத் தண்ணீர், அரைமணி ஓய்வு, மறுபடி பத்து நிமிடம். இப்படி மூன்று நான்கு சுற்று. முதல் சுற்று மண்ணைச் சம்மதிக்க வைப்பதற்கு, அடுத்தவைதான் உள்ளே போகும். மறுநாளும் இதையே செய்யுங்கள். துளைகளில் நன்றாக மக்கிய தொழு உரத்தையோ மண்புழு உரத்தையோ தூவிப் பெருக்கி இறக்கினால் ஈரம் தங்கும். மண்ணை நனைய வைப்பதற்கென்றே விற்கும் திரவங்களும் உண்டு. புல்தரைக்கானதா என்று பார்த்து, சொல்லியிருக்கும் அளவில் கலந்து விடலாம். அதற்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஊற்றாதீர்கள், அளவு மீறினால் இலை கருகும்.

தண்ணீர் குற்றவாளி இல்லாதபோது

மண் நன்றாக ஈரமாக இருந்தும் புல் காய்ந்தால் வேறு பக்கம் திரும்ப வேண்டும். வட்டமான திட்டு, விடியற்காலையில் அதன் விளிம்பில் கரும்புகை வளையம் போன்ற நிறம், அல்லது பனித்துளிகளோடு சிலந்திவலைபோல மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. மாலையில் தண்ணீர் விட்டு இரவெல்லாம் இலையை நனைத்தே வைப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் அழைப்பு விடுக்கிறது. தண்ணீரை விடிகாலைக்கு மாற்றுங்கள், தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். பரவல் நிற்காவிட்டால் மட்டும் பூஞ்சைக்கொல்லி.

நடுவில் வெந்த பழுப்பு, சுற்றிலும் கொழுத்த கரும்பச்சை வளையம் என்றால் நாய் சிறுநீர் கழித்த இடம். உடனே பார்த்தால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யலாம், பிறகு பயன் குறைவு. உரம் கொட்டிய இடமும் இப்படித்தான் கருகும், ஆனால் கை வீசிய திசையில் வரிவரியாக இருக்கும். வேர் பிடிக்காத புல்லுக்கு யூரியா வேண்டாம் என்று நான் ஒவ்வொரு முறையும் மன்றாடுவது அதனால்தான்.

பூச்சியா என்று பார்க்க இரண்டு வழிகள் வேண்டும். நான்கு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சோப்புத் திரவம் கலந்து, திட்டின் ஓரத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஊற்றினால் படைப்புழு போன்ற இலை தின்னும் புழுக்கள் பத்து நிமிடத்துக்குள் மேலே வரும். பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள். வேர் தின்னும் வெள்ளை வேர்ப்புழு இதற்கு வராது, தோண்டித்தான் காண வேண்டும். ஒன்றிரண்டு இருப்பது எல்லா மண்ணிலும் இயல்பு. ஒரு சதுர அடியில் கைநிறையக் கிடைத்தால் மட்டும் மருந்தை யோசியுங்கள். பாய் சுலபமாக எழுந்து வருவதை வைத்து வேர்ப்புழு என்று முடிவு கட்டிவிட வேண்டாம், வேர் பிடிக்காத புதுப் பாயும் அப்படியே வரும்.

செத்த இடத்தை மாற்றுவது

அடிவரை செத்த பகுதியைக் கூர்மையான மண்வெட்டியால், உயிருள்ள புல்லில் இரண்டு விரல் உள்ளே வரும்படி சதுரமாக வெட்டி எடுங்கள். ஒழுங்கற்ற வடிவத்தில் வெட்டினால் புதுத்துண்டு பொருந்தாது. கீழ் மண்ணை ஒரு விரல் நீளத்துக்கும் சற்று ஆழமாகக் கிளறி, கல் பொறுக்கி, மக்கிய உரம் கலந்து, மட்டப்படுத்தி, துண்டு வைப்பதற்கு முன்பே நனையுங்கள். புதுத்துண்டு அதே இனமாக இருக்க வேண்டும். அதை அறுத்த நாளிலேயே வாங்கி அன்றே பதிப்பது நல்லது. சுருட்டி அடுக்கி வைத்த பாய் தன் சூட்டில் தானே வெந்துபோகும், நடுவில் மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள். பழைய தரையைவிட நான்கைந்து மில்லிமீட்டர் உயரமாக வைத்து மிதித்தால் மட்டத்துக்கு வந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் அந்த இடத்துக்கு மட்டும் தினமும், வெயில் கொளுத்தினால் இருமுறை தண்ணீர். பாய்க்குக் கீழே விரல் குத்திப் பார்த்து ஈரம் உறுதியானால் போதும், சேறாக வேண்டாம். இழுத்தால் எழாத நிலை வந்ததும் இடைவெளியைக் கூட்டி, விடும்போது ஆழமாக விடுங்கள். வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகட்டும்.

அருகம்புல் இனத்தைச் சேர்ந்த பெர்முடா போன்ற கொடியோடும் புல் என்றால் கையகலத் திட்டுகளுக்கு இத்தனையும் தேவையில்லை. காரணத்தை நீக்கி, செத்ததை வாரி எடுத்து, மண்ணைக் கிளறி ஈரமாக வைத்தால் பக்கத்திலிருந்து கொடி வந்து மூடிவிடும். ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் போலக் கொத்தாக வளரும் இனங்கள் அப்படி ஓடுவதில்லை. அவற்றுக்கு விதை தூவியோ துண்டு பதித்தோதான் ஆக வேண்டும்.

வெட்டும் எந்திரத்தை ஒட்டுப் போட்ட இடத்தின் மீது அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். கையால் இழுத்து, மண் விட்டுக்கொடுக்காத பிறகு, முந்தின நாள் தண்ணீரை நிறுத்தித் தரையைச் சற்று இறுகவிட்டு, கூர்மையான தகட்டால், புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் முதல் வெட்டை வெட்டுங்கள்.