சிங்கப்பூர் சைனாடவுனில் எக் டார்ட் வாங்கச் செல்லும் கடலூர்க்காரர்களுக்கு

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்களில் பலர் அங்கே வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்கள். அவர்கள் எதைப் பார்க்கத் தவறினாலும் சௌத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலைத் தவறவிடுவதில்லை. 1827இல் நாராயண பிள்ளை என்பவர் நிறுவிய அந்தக் கோயில், நாகப்பட்டினம், கடலூர் வட்டாரங்களிலிருந்து போய்க் குடியேறிய மக்களின் வழிபாட்டிடமாகத் தொடங்கியது என்பதால் நமக்கு அதன்மேல் கூடுதல் உரிமையும் உண்டு. கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடையில், அதே சாலையின் எதிர்ப்புறம் 285ஆம் எண்ணில், எக் டார்ட்டுக்குப் பேர்போன தோங் ஹெங் என்னும் பழைய சீனப் பேக்கரி இருக்கிறது. கோயிலுக்குப் போய்வந்தவர்கள் பலரும் இந்தக் கடையைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள், அல்லது நேரங்கெட்ட நேரத்தில் வாங்கி, இரவு வீட்டில் ஆறிப்போனதைத் தின்றுவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கிறார்கள். டார்ட்டின் சுவையில் பாதி, அதை எப்போது வாங்கி எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. ஆகவே இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியவையே.

முதலில், எதை வாங்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். எக் டார்ட் என்ற பெயரைக் கேட்டதும் நம் ஊர் பேக்கரியில் கிடைக்கும் முட்டை பஃப்ஸை நினைத்துக்கொண்டு, வெங்காயமும் மசாலாவும் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. இது இனிப்புப் பண்டம். கையளவு மாவுக் கிண்ணத்தில் முட்டை, சர்க்கரைப் பாகு, பால் ஆகியவற்றைக் கலந்து வடிகட்டி ஊற்றி அடுப்பில் வேகவைத்தால், நடுப்பகுதி வேகவைத்த சீம்பாலைப் போல உறைந்து, தொட்டால் லேசாக அதிரும் பதத்தில் நிற்கும். சீனாவின் தென்பகுதியிலுள்ள குவாங்சோ நகரில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேயரின் கஸ்டர்ட் டார்ட்டைப் பார்த்து உருவான இந்தப் பண்டம், பிறகு ஹாங்காங்கின் தேநீர்க் கடைகளில் அன்றாடத் தீனியாக நிலைபெற்றது. ஹாங்காங் அரசு 2014இல் வெளியிட்ட மரபுக் கலைகளின் பட்டியலில் எக் டார்ட் செய்யும் கைத்திறனும் இடம்பெற்றிருக்கிறது. மேற்பரப்பில் கருகிய புள்ளிகளோடு வருவது இன்னொரு வகை. அது போர்ச்சுகீசியர் வழி வந்தது. 1989இல் மக்காவில் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் தொடங்கிய பேக்கரியால் ஆசியா முழுவதும் பரவியது. தோங் ஹெங்கில் கிடைப்பது கருகாத, மஞ்சள் மாறாத, கான்டோனிய வகை. மற்ற கடைகளில் டார்ட் வட்டமாக இருக்க, இங்கே நீண்ட வைர வடிவத்தில் வார்க்கிறார்கள். 1920களில் தள்ளுவண்டியில் தொடங்கி, 1935இல் ஸ்மித் தெருவில் காப்பிக் கடையாகி, பிறகு இப்போதைய இடத்துக்கு வந்த குடும்பத் தொழில் இது.

லிட்டில் இந்தியா பக்கம் தங்கியிருப்பவர்கள் ஊதா நிற வடகிழக்குத் தடத்தில் ஏறினால், லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். பகோடா தெருவுக்குச் செல்லும் வாயிலில் மேலேறி, நினைவுப் பொருள் கடைகளுக்கு நடுவே நேராக நடந்தால் தெருவின் கோடியில் கோயில் கோபுரம் தெரியும். வழிகேட்கவே தேவையில்லை. மேக்ஸ்வெல் நிலையம் 2022இல் திறந்த பிறகு அந்த வழியாகவும் வரலாம், கடைக்கு அதுவே அருகில். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துவருபவர்கள் மேக்ஸ்வெல்லில் இறங்குவது நல்லது. கோயிலைத் தாண்டித் தெற்கே நடக்கும்போது வலப்புறம் உயரமான புத்தர் பல் ஆலயம் தெரிந்தால், சாலையைக் கடந்து எதிர்ப்புறம் பாருங்கள், கடை அங்கேதான்.

கோயில் முதலிலா, கடை முதலிலா என்று யோசிக்க வேண்டியதில்லை. முட்டை சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகத் தயங்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் தரிசனத்தை முதலில் முடித்துக்கொள்வதே சரி. நேரக் கணக்கும் அதற்குத்தான் ஒத்துவருகிறது. கோயில் நடை நண்பகலில் சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதால், காலை ஒன்பது மணிக்குள் கோயிலில் இருந்தால் பத்து, பத்தரைக்குக் கடைக்கு வந்துவிடலாம். அந்த நேரத்தில் அடுப்பிலிருந்து தட்டுகள் வந்துகொண்டிருக்கும், மதியக் கூட்டமும் சேர்ந்திருக்காது. மாலை தரிசனத்துக்கு வருபவர்கள் பின்மதியத்திலேயே வந்து டார்ட்டை வாங்கிவைத்துக்கொண்டு கோயிலுக்குள் கையில் சுமந்து போவதைப் பார்க்க நேர்கிறது. கோயிலுக்கும் அது பொருத்தமில்லை, டார்ட்டுக்கும் நல்லதில்லை. கடையின் வேலை நேரம் மாறக்கூடியது என்பதால் கிளம்பும் முன் கைப்பேசியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் இருக்கின்றன. சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கடைகள் மூடியிருக்கலாம், அல்லது வரிசை தெருவுக்கு வந்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் வரும் சீனர்களின் இலையுதிர்கால நிலாத் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் மூன்கேக் வாங்க வருபவர்களின் கூட்டம் எல்லாச் சீனப் பேக்கரியிலும் நெரியும். ஐப்பசியில், தீபாவளிக்கு முன்பாக மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கிறது. திரௌபதி அம்மன் தீமிதி நம் மாவட்டத்து ஊர்களுக்குப் புதிதில்லை. அதை அங்கே காண்பது ஓர் அனுபவம்தான் என்றாலும், சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள், பேக்கரிக்குப் போகும் எண்ணத்தை அன்று விட்டுவிடுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை விரதக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது பலரும் கேட்கக் கூச்சப்படும் விஷயம். கேக்கில் முட்டை இருப்பது தெரிந்தும் தெரியாததுபோல் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளும் சைவக் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. ஆனால் எக் டார்ட்டில் முட்டைதான் பண்டமே. அந்தச் சலுகை இங்கே செல்லாது. முட்டை சாப்பிடுபவர்களும் டார்ட்டின் மாவு ஓட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். சீனப் பேக்கரிகளில் அடுக்கடுக்காகப் பிரியும் ஓட்டுக்குப் பழைய முறைப்படி ‘லார்ட்’ எனப்படும் பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பதுண்டு, வெண்ணெய் மட்டும் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. கடைக்குக் கடை, பண்டத்துக்குப் பண்டம் இது மாறும். ஆகவே வாங்கும் முன் ‘லார்ட் இருக்கிறதா’ என்று கேட்டுவிடுங்கள், அந்தச் சொல்லே அவர்களுக்குப் புரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் டார்ட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் மற்றவற்றிலும் கவனம் தேவை. சார் சியூ என்ற பெயரில் வரும் எதற்குள்ளும் பொதுவாக இருப்பது பன்றி இறைச்சி. பூசணிப் பாகு வைத்த ‘மனைவி பிஸ்கட்’ பார்க்கச் சாதுவாக இருந்தாலும் அதன் ஓட்டில் மரபாகச் சேர்வது பன்றிக் கொழுப்புதான். இஸ்லாமிய நண்பர்கள் ஹலால் சான்றிதழ் கடையில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். அது இல்லாத இடத்தில் ஒரே இடுக்கி எல்லாப் பண்டத்தையும் தொடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கடைக்குள் மொழிச் சிக்கல் ஏதும் இல்லை. எளிய ஆங்கிலம் போதும். வயதில் மூத்த விற்பனையாளரை ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று அழைப்பது சிங்கப்பூரில் எல்லா இனத்தாருக்கும் பொதுவான மரியாதை, நம்மவர்கள் ‘மேடம்’ என்று கூப்பிடுவதைவிட அது அங்கே இயல்பாகக் கேட்கும். நாம் பார்சல் என்பதை அங்கே ‘டேக்அவே’ என்றோ ‘டபாவ்’ என்றோ சொல்வார்கள். ஒரு டார்ட் ஏறக்குறைய இரண்டு, மூன்று சிங்கப்பூர் டாலருக்குள் அடங்கும். ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் போட ஆரம்பித்தால் நம் ஊரில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு ஆகிவிடும், அந்தக் கணக்கை ஊருக்குத் திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாம். கையில் சில்லறை டாலர் வைத்திருப்பது நல்லது.

வாங்கும்போது எந்தத் தட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல டார்ட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழுவழுப்பாக, குமிழி இல்லாமல் மின்னும். முட்டைக் கலவை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடுகிறது. அதற்குமேல் அடுப்பில் கிடந்தால் பொங்கி உப்பி, வெளியே வந்ததும் நடுவில் குழிந்து சுருக்கம் விழும், வாயில் வைத்தால் முட்டை நாற்றமும் தூக்கலாக இருக்கும். சுருங்கிய மேற்பரப்பு, ஓரத்தில் நீர் கோத்த ஓடு, அடிப்பாகத்தில் வெளிறிய மாவு ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த தட்டு எப்போது வரும் என்று கேட்டுக் காத்திருப்பது மேல். காத்திருக்கச் சொல்வதைக் கடைக்காரர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, தங்கள் சரக்கைப் புரிந்த ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

வாங்கியதில் ஒன்றையாவது அங்கேயே சாப்பிடுங்கள். அடுப்பிலிருந்து வந்த உடனே கடித்தால் நாக்கு வெந்துவிடும், சுவையும் தெரியாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டால் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவும் ஓடு மொறுமொறுப்பாகவும் ஒரே நேரத்தில் இருக்கும், அந்த இடைவெளி அதிகம் போனால் ஒரு மணி நேரம். கடையில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் சற்றுத் தள்ளி மேக்ஸ்வெல் உணவு அங்காடி இருக்கிறது. அது அமைந்திருக்கும் தெருவின் பெயர் கடையநல்லூர் தெரு என்பதைப் பலகையில் பார்த்ததும் நம்மவர்கள் படம் எடுத்துக்கொள்ளாமல் நகர்வதில்லை. அங்கே சர்க்கரை சேர்க்காத கடுங்காப்பியை ‘கோப்பி ஓ கோசோங்’ என்று கேட்டு வாங்கி, டார்ட்டோடு மாற்றி மாற்றிக் குடித்தால் இனிப்பு திகட்டாது. எழுந்து போகும்போது மேசையில் எதையும் விட்டுவிடக் கூடாது. 2021 செப்டம்பரிலிருந்து உணவு அங்காடிகளில் தட்டையும் குப்பையையும் நாமே அகற்ற வேண்டும் என்பது விதி, மீறினால் அபராதம் உண்டு. ரயிலுக்குள் பெட்டியைக் கொண்டுபோகலாம், ஆனால் அங்கே எதையும் உண்ணவோ பருகவோ கூடாது. அதற்கான அபராதம் 500 டாலர் வரை போகும். பேரன் அழுகிறான் என்று ஒரு துண்டு கிள்ளிக் கொடுப்பதும் உண்பதில்தான் சேரும்.

வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், சூடாக இருக்கும்போது பெட்டியை இறுக மூடாமல் வாங்குங்கள், மூடினால் உள்ளே ஆவி தங்கி ஓடு தொய்ந்துவிடும். முட்டையும் பாலும் கலந்த பண்டம் என்பதால் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது, அந்த ஊர்ப் புழுக்கத்தில் அதற்கும் குறைவான நேரமே நல்லது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சாப்பிடலாம். ஆனால் மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓடு ரப்பராகிவிடும். ஏர் ஃபிரையரிலோ ஓவனிலோ 160 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் ஓடு ஓரளவு மீளும், நடுப்பகுதி பழைய நிலைக்கு வராது.

ஊரில் இருப்பவர்களுக்கு வாங்கி வருவது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். விமான நிலையத்தில் முன்கூட்டிச் செல்லும் நேரம், சென்னைக்கு நான்கு மணி நேரப் பயணம், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலூர் வரை இன்னும் நான்கு மணி நேரம் என்று சேர்த்துப் பார்த்தால், பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். எந்த ஐஸ் பையும் அத்தனை நேரத்துக்கு நம்பகமில்லை, வந்து சேர்வதும் டார்ட்டாக இருக்காது. அதற்குப் பதிலாக, சிங்கப்பூரில் எங்கும் கிடைக்கும் அன்னாசி டார்ட்டை வாங்கிவரலாம். வெண்ணெய் மாவில் காய்ச்சிய அன்னாசிப் பாகை வைத்துச் சுடுவதால் ஈரம் குறைவு, காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு வாரம் கெடாது. டப்பாவின் மேல் முட்டை, கொழுப்பு விவரம் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் நொறுங்கித் தூளாகிவிடும், கைப்பையில் நிமிர்த்தி வைத்து எடுத்து வரவேண்டும்.