ஃபால்ட்ஸ் காட்டுக் கோட்டைகள்: போகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஜெர்மனியின் தென்மேற்கில், பிரான்ஸ் எல்லையை ஒட்டியிருக்கும் ஃபால்ட்ஸ் பகுதிக்குக் கிளம்புகிறவர்கள் ஒரே நாளில் ஐந்தாறு கோட்டைகளை அடைத்துத் திட்டம் போட்டுவிடுகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். கிழக்கே திராட்சைத் தோட்டங்களின் ஊடாக 85 கிலோமீட்டர் போகும் ஒயின் சாலை, அதை ஒட்டி மேற்கே காடு, காட்டுக்குள் குன்றுக்குக் குன்று இடிந்த கோட்டை. ஆனால் மூன்று கிலோமீட்டர் என்று போட்டிருப்பது இறங்கி ஏறி நடக்கும்போது ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும். பல இடங்களில் கார் அடிவாரத்தோடு சரி, மிச்சம் நடைதான். ஒரு நாளைக்கு ஒரு மலை போதும், அந்த மலையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

டான் என்ற சிற்றூருக்கு மேலே ஒரே பாறை முகட்டில் ஆல்ட்டான், கிராஃபென்டான், டான்ஷ்டைன் என்று மூன்று கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன, அரை நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். நன்றாக நடப்பவர்களுக்கு எல்லையோர வழி இருக்கிறது: ஜெர்மனிப் பக்கம் 572 மீட்டர் உயரத்தில் வேகல்ன்பர்க், அங்கிருந்து பிரான்சுக்குள் ஹோஹன்பூர்க், லோவன்ஷ்டைன், கடைசியாக ஃப்ளெக்கன்ஷ்டைன். நாடு மாறுவதே தெரியாமல் காட்டுக்குள் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். அதற்காக பாஸ்போர்ட்டையும் விசாவையும் ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பலரும் முதலில் ஓடுவது அன்வைலர் என்ற ஊருக்கு மேலே இருக்கும் டிரிஃபெல்ஸ் கோட்டைக்கு. காரணம் தெரிந்ததுதான், இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை 1193-இல் புனித ரோமானியப் பேரரசன் ஆறாம் ஹென்றி சிறை வைத்த இடங்களில் இதுவும் ஒன்று. பேரரசின் மணிமுடியும் செங்கோலும் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தன. அதை நம்பிப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் முடியைப் பார்த்து உருகி நிற்பவர்கள் உண்டு. அது நகல், அசல் வியன்னாவில் இருக்கிறது. இன்னொன்று, இன்று கம்பீரமாக நிற்கும் அந்தப் பெரிய மாளிகைப் பகுதியில் பெரும்பங்கு 1938-க்குப் பிறகு, நாஜி ஆட்சியில், அவர்கள் மனதிலிருந்த இடைக்காலத்தைக் கல்லில் கட்டியது. போக வேண்டாம் என்று சொல்லவில்லை, மேலிருந்து தெரியும் காட்சிக்காகவே போகலாம். ஆனால் போனவர்கள் அப்படியே இறங்கிவிடுகிறார்கள். பக்கத்துக் குன்றுகளில் அனெபோஸ், ஷார்ஃபென்பர்க் என்று இரண்டு நிஜமான இடிபாடுகள் ஆள் நடமாட்டம் குறைவாகக் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் டிரிஃபெல்ஸை விட அவைதான் பார்க்க வேண்டியவை.

இடிந்து கிடப்பதைப் பார்த்ததும் உலகப் போர் குண்டுவீச்சு என்று முடிவு கட்டிவிடுவதும் சகஜம். பெரும்பாலும் அது காரணமில்லை. 1525 விவசாயிகள் கிளர்ச்சியில் எரிந்தவை இருக்கின்றன, லிண்டல்ப்ரூன் அப்படித்தான் போனது. மிஞ்சியவற்றில் பலதை 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயியின் படைகள் தகர்த்தன. அதற்கப்புறம் சுற்றுவட்டார மக்கள் வீடு கட்டக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

சரி, மேலே போய் எதைப் பார்ப்பது? எல்லோரும் கோபுரத்தில் ஏறி, நாலு படம் எடுத்து, இறங்கிவிடுகிறார்கள். இங்கே சுவரை விடப் பாறைதான் முக்கியம். இந்தக் காடு முழுக்கச் செம்மணற்கல். உளிக்கு எளிதாக இளகும் கல் என்பதால் படிக்கட்டு, அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பாறையிலேயே குடைந்துவிட்டார்கள். ஃப்ளெக்கன்ஷ்டைனில் பாதிக் கோட்டை பாறைக்கு உள்ளேதான் இருக்கிறது. செங்குத்துப் பாறையில் வரிசையாகச் சதுரக் குழிகள் தெரிந்தால் நின்று பாருங்கள், மர உத்தரங்களைச் செருகிய இடம் அது. ஒரு வரிசைக் குழி என்றால் அங்கே ஒரு மரத்தளம் இருந்தது என்று கணக்கு. சுவர்க் கற்களில் இன்னொன்றும் உண்டு: ஓரம் நேராகச் செதுக்கி, நடுவைக் கரடுமுரடாகப் புடைக்க விட்டிருப்பார்கள், அந்தப் புடைப்பில் விரல்நுனி போகிற அளவுக்கு ஒரு சின்னக் குழி இருக்கும். கல்லைத் தூக்குகிற இடுக்கி பிடிப்பதற்கு வைத்த குழி. ஒரு கல்லில் கண்டுவிட்டால் அப்புறம் சுவர் முழுக்க அதுதான் கண்ணில் படும். நாய்ஷார்ஃபெனெக் கோட்டையில் எதிரி வரும் பக்கத்தில் எழுப்பிய கேடயச் சுவர் சுமார் 12 மீட்டர் தடிமன், அதற்குள்ளேயே அறைகளும் வழிகளும் வைத்திருக்கிறார்கள். டார்ச் எடுத்துப் போனால் பயன்படும்.

அதே மணற்கல் காலையும் வாரிவிடும். தேய்ந்த படிகளில் பொடி மணல் படிந்திருக்கும், மழை பெய்தால் பாசியும் சேர்ந்துகொள்ளும். கட்டணம் வாங்காத, காவலர் இல்லாத இடிபாடுகளில் எல்லா ஓரத்திலும் கைப்பிடிக் கம்பி இருக்கும் என்று நம்பாதீர்கள், குழந்தைகள் கையை விடவே விடாதீர்கள். செருப்பு, வழவழப்பான அடியுள்ள ஸ்னீக்கர் எல்லாம் வேண்டாம். வசந்த காலத்தில் சில பாறைகளைத் தடுத்துப் பலகை வைத்திருப்பார்கள், மேலே வல்லூறு கூடு கட்டியிருக்கிறது என்று அர்த்தம், படம் எடுக்கிற ஆசையில் தாண்டிப் போகக் கூடாது. புல்லில் உண்ணி அதிகம், லைம் நோயைப் பரப்பக்கூடியது, ராத்திரி குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போனில் சிக்னல் போய்ப் போய் வரும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காட்டுக்குள் இருக்கும் மலைக்குடில்களில் பல, ஃபால்ட்ஸ் காட்டுச் சங்கத்தின் தன்னார்வலர்கள் நடத்துபவை. சனி ஞாயிறு திறந்திருக்கும், வார நாளில் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கார்டை நீட்டாமல் கையில் ரொக்கம் வைத்திருங்கள். டிரிஃபெல்ஸ் போலக் கட்டணம் வாங்கும் கோட்டைகளும் குளிர்காலத்தில் மூடுவது உண்டு, கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். உணவுப் பட்டியல் பன்றியில் ஆரம்பித்துப் பன்றியில்தான் முடியும், சைவம் என்றால் உருளைக்கிழங்கோடு வரும் வெள்ளைத் தயிர்க்கட்டி கேட்டுப் பார்க்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம் என்பதால் பையில் ஏதாவது இருக்கட்டும்.

ஒயினில் சோடா கலந்த ஷோர்லெ இங்கே அரை லிட்டர் கிளாஸில்தான் வரும். சோடாதானே என்று இரண்டு கிளாஸை இறக்கிவிடாதீர்கள், இந்த ஊர்க்காரர்கள் ஒயினைத்தான் கூடுதலாக ஊற்றுவார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பு ரத்தத்தில் 0.5 புரோமில் ஆல்கஹால், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு, 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் புதிதாக லைசன்ஸ் வாங்கியவர்களுக்கும் சுழியம். குடிப்பதாக இருந்தால் ரயிலில் போங்கள், அன்வைலருக்கு லண்டாவிலிருந்து ரயில் இருக்கிறது.

இலையுதிர் காலத்தில் போனால் வழியோரம் பழுத்துத் தொங்கும் திராட்சையில் கை வைக்காதீர்கள், அது ஒருவருடைய பயிர். அறுவடை நேரத்தில் சில தோட்டப் பாதைகளை மூடியும் வைப்பார்கள். அந்தப் பருவத்தில் பாதி நொதித்த இளம் ஒயின் விற்கும், வெங்காயப் பணியாரத்தோடு சாப்பிடுவார்கள். வாங்குங்கள், ஆனால் உள்ளே இன்னும் நொதித்துக்கொண்டிருப்பதால் பாட்டில் மூடியை இறுக்கியிருக்க மாட்டார்கள். நிமிர்த்தியே வைக்க வேண்டும், பையில் படுக்கப் போட்டால் துணிமணியெல்லாம் ஒயினாகிவிடும்.