ஆலோசனைக் குழு ஆவணங்களைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் புதிதாக மனுப் போடுகிறவர்கள் தங்கள் வரைவுகளை எனக்கு அனுப்புவதுண்டு. பத்து ரூபாய்க் கட்டணத்தை மறப்பது, முகவரியைத் தப்பாக எழுதுவது எல்லாம் ஒரு தடவை மனு திரும்பி வந்தால் சரியாகிவிடும். அரசு அமைக்கும் ஆலோசனைக் குழு, வல்லுநர் குழு பற்றிக் கேட்கும்போதுதான் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்.

கூட்டத்தில் போய் உட்காரலாம் என்று நம்புவது

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு ஆலோசனை சொல்லும் குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்புகள் கிடைக்குமா என்பதைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. கதவைத் திறந்து வைக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டு ஆலோசனைக் குழுச் சட்டம் பொதுவாகக் கூட்டத்தையே திறந்து நடத்தச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கே வாசலில் சண்டை போடாதீர்கள்.

‘ஏன்’ என்று கேட்பது

“குழு ஏன் இந்த இடத்தைப் பரிந்துரைத்தது?” என்று எழுதினால் பதில் வராது. பதிவில் இருப்பதைத்தான் தர வேண்டும், புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. கூட்டம் நடந்த தேதியைப் போட்டு நிகழ்ச்சி நிரல், நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பதிவு, உறுப்பினர் யாராவது மறுப்பு எழுதியிருந்தால் அதன் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘ஏன்’ என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்த மறுப்பில்தான் இருக்கும்.

ஏற்கெனவே வெளியானதைக் கேட்பது

சுற்றுச்சூழல் அனுமதி என்றால் முதலில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடுங்கள்.

‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலை நம்பிக் காத்திருப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. “அறிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளதால் வழங்க இயலாது” என்று ஒரு வரியில் கடிதம் வரும், முடிவெடுத்ததும் தருவார்கள் போல என்று மனுதாரர் அதைக் கோப்பில் செருகிவிடுவார். ஒரு தம்பி தன் ஊர் ஏரியைப் பற்றிய குழு அறிக்கையைக் கேட்டு இதே கடிதத்தை வாங்கியிருந்தார். எந்தப் பிரிவின்படி மறுக்கிறோம், யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று எதுவுமே அதில் இல்லை. பிரிவு 7(8)-இன்படி எல்லாமே இருந்திருக்க வேண்டும். என்னிடம் அவர் காட்டியபோது மேல்முறையீட்டுக்கான 30 நாள் எப்போதோ கடந்திருந்தது. மறுபடி முதல் மனுவிலிருந்து தொடங்கினோம். அதற்குள் அந்த அறிக்கையை வைத்து டெண்டரே விட்டுவிட்டார்கள்.

எந்தெந்தத் தகவலைத் தர மறுக்கலாம் என்று சொல்லும் 8-ஆவது பிரிவில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றொரு விலக்கு கிடையாது. அமைச்சரவைக் காகிதங்களுக்குத்தான் முடிவெடுத்து விஷயம் முடியும்வரை தடை உண்டு. குழு அறிக்கை என்பதாலேயே ஒன்று அமைச்சரவைக் காகிதம் ஆகிவிடாது. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்க வேண்டியதும் தகவல் அலுவலர்தான், நீங்கள் அல்ல.

சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதைத் தர மறுத்தது. மனுதாரர் விடாமல் மேல்முறையீடு செய்ய, 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் வெளியிடச் சொன்னது. அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது, மே மாதம் அறிக்கை வெளியே வந்தது.

ஆகவே மறுப்புக் கடிதம் கைக்கு வந்த அன்றே 30-ஆவது நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். பதிலே வரவில்லை என்றால், அவர்களுக்கான 30 நாள் முடிந்ததிலிருந்து உங்கள் 30 நாள் ஓடத் தொடங்கும். மேல்முறையீட்டில் எந்தப் பிரிவின்படி மறுத்தீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு பக்கத்துக்கு விலக்கு இருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு மீதியைப் பிரிவு 10-இன்படி தரச் சொல்லுங்கள்.

ஒரே மனுவில் ஐந்து துறைகளைக் கேட்பது

வேண்டாம். துறைக்கு ஒரு மனு.