புண்ணுக்கு மருந்து கட்டுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்கு, சீனி வருத்தமுள்ள முதிய தாய் ஒருவரின் காற்புண்ணுக்கு மருந்து கட்டப் போயிருந்தேன். நான் போவதற்குள் அவருடைய மகள் பழைய கட்டைத் தானே அவிழ்த்திருந்தார். உலர்ந்து ஒட்டிக்கொண்ட கோஸ் துணியை அப்படியே இழுத்ததால், அதன் இழைகளோடு அரிசி மணியளவில் இளஞ்சிவப்பான புதுத்தசையும் பிய்ந்து வந்திருந்தது. "காயவிட்டால்தானே மிஸ்ஸி கெதியாய் ஆறும்?" என்று அவர் கேட்டார். "இல்லை அக்கா, அந்த ஈரத்தில்தான் புதுத்தோல் வளருது" என்றேன்.

காயத்தைக் காற்றுப்பட விட வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் மெல்லிய படலத்தால் மூடி ஈரம் காக்கப்பட்ட காயங்களில் மேற்றோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வளர்வதை, பன்றிகளில் செய்த ஆய்வின் மூலம் ஜார்ஜ் விண்டர் 1962இலேயே காட்டிவிட்டார். தோற்கலங்கள் ஈரமான பரப்பில்தான் எளிதாக நகரும். பொருக்கு கட்டிவிட்டால் அதற்கு அடியில் வழி தேடிக்கொண்டு போக வேண்டும். ஆகவே ஒட்டிய துணியைச் சேலைன் அல்லது கொதித்தாறிய நீர் விட்டு, சில நிமிடம் ஊறவைத்த பிறகே எடுக்க வேண்டும். அதற்காகக் கட்டைச் சொட்டச் சொட்ட நனைத்து வைப்பதும் தவறு. சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிப்போனால் புண் இன்னும் அகலும். இரத்த ஓட்டம் குன்றிக் கறுத்து உலர்ந்துபோன விரலோ குதிக்காலோ இதற்கு விதிவிலக்கு: அதை நனைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஸ்பிரிட்டையும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டையும் நாள்தோறும் ஊற்றுவது, கிருமியோடு சேர்த்துப் புண்ணை ஆற்றும் கலங்களையும் கொல்கிறது. நுரை பொங்குவதைக் கண்டு அழுக்கு வெளியேறுவதாக எண்ணிவிடுகிறோம். தீக்காயத்தில் பற்பசையும் கோப்பித்தூளும் பூசுவதை விட்டுவிட்டு, குழாய் நீரில் 20 நிமிடம் பிடியுங்கள், ஐஸ் வேண்டாம்.

என்னை மிகவும் வருத்துவது படுக்கைப்புண்தான், ஏனெனில் பெரும்பாலும் அது வராமலே தடுக்கக்கூடியது. முதுகின் அடியிலோ குதிக்காலிலோ சிவந்த இடம் தெரிந்தால் அதை விரலால் அழுத்தி, விரலை எடுத்துப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, அன்போடு செய்யப்படும் காரியம் என்றாலும், ஏற்கெனவே நசுங்கிய இரத்த நுண்குழாய்களை மேலும் கிழிக்கிறது. வளையத் திண்டில் இருத்தினாலோ சுற்றிலும் அழுத்தம் கூடுகிறது. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுவதும், இழுக்காமல் விரிப்போடு தூக்கி நகர்த்துவதும், கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் படுக்கையில் படாமல் பார்ப்பதுமே பயன் தருபவை.

தொற்றுகளில் வேறு வகைத் தவறுகள் நடக்கின்றன. படர்தாமரைக்குப் பார்மசியில் ஸ்டீரொய்ட் களிம்பு வாங்கிப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ பரவும்; அதன் வட்ட வடிவமும் கலைந்துபோவதால் வைத்தியருக்கே இனங்காண்பது கடினமாகிவிடும். சொறி (ஸ்கேபிஸ்) வந்த வீட்டில் அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து பூசுவது வீண். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம் என்பதால், கொட்டாஞ்சேனையில் ஓரறையில் ஆறு பேர் படுக்கிற வீடென்றால் ஆறு பேரும் ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு நேரமும் கையை அடக்கச் சொன்ன நான், ஓரிடத்தில் மட்டும் அவசரப்படச் சொல்வேன். புண்ணைச் சுற்றிய சிவப்பு சூடாகிப் பரவினால், வீட்டில் மிஞ்சிக் கிடந்த அன்டிபயோட்டிக் குளிசைகளைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிக்கொண்டு, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். காய்ச்சலோ நடுக்கமோ இருந்தாலும், கோட்டைச் சிவப்பு தாண்டுவதைக் கண்டாலும், இரவென்று பார்க்காமல் உடனே புறப்படுங்கள். சீனி வருத்தக்காரருக்கு நோவே தெரியாமல் இருக்கலாம் என்பதால், "நோகவில்லை" என்று அவர் சொல்வதை நம்பி மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.