பூனையின் காதில் காப்பிச் சக்கை போல அழுக்கா? காதுப்பூச்சியை ஒழிக்கும் வழி

எங்கள் பூனை மீனா மூன்று நாள் ஓயாமல் தலையை உதறினாள். பின்னங்காலால் பிறாண்டிப் பிறாண்டிக் காதோரம் புண்ணாகிவிட்டது. மடலைத் திருப்பிப் பார்த்தால், டிகாக்‌ஷன் இறங்கியபின் வடிகட்டியில் தங்கும் சக்கையைப் போல, கறுப்பாக உதிரி அழுக்கு.

அதில் சிறிது எடுத்துக் கறுப்புத் தாளில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்தால் காதுப்பூச்சிதான் (ear mite, காதில் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணி). ஒன்றும் ஊரவில்லை என்பதற்காகப் பூச்சியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சீழோ நாற்றமோ இருந்தால் வேறு தொற்றும் சேர்ந்திருக்கலாம். எதுவானாலும், காதில் எதையும் ஊற்றும் முன் கால்நடை மருத்துவர் செவிப்பறை கிழியவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து சுத்தம் செய்தல். பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வையுங்கள். மருத்துவர் தந்த காது கழுவும் திரவத்தைக் காதில் விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் மெல்லப் பிசையுங்கள். பிறகு விட்டுவிடுங்கள், அதுவே உதறட்டும். வெளியே வந்த அழுக்கை மட்டும் பஞ்சால் துடையுங்கள். பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம். பூனையின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்ளே வளைகிறது. குச்சி அழுக்கை அந்த வளைவில் அடைத்துவிடும்.

நான் தவறியது இதற்குப் பிறகுதான். காதுச் சொட்டு மருந்தை எட்டு நாள் விட்டேன், காது பளிச்சென்று ஆனதும் நிறுத்திவிட்டேன். இரண்டே வாரத்தில் எல்லாம் திரும்ப வந்தது. முட்டை பொரிந்து முழுப் பூச்சியாக ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். காது சுத்தமாகத் தெரிவது குணமல்ல.

இன்னொரு காரணமும் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடும் அடுத்த வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்பவை. பூனைகளுக்கு இரண்டும் ஒரே வீடுதான். உடலோடு உடல் உரசினாலே பூச்சி தொற்றும். நாய்க்கும் தொற்றும். அடுத்த வீட்டு ஆயாவிடம் பேசி, அவருடைய இரண்டு பூனைகளுக்கும் எங்கள் நாய்க்கும் ஒரே நாளில் மருத்துவம் செய்த பிறகுதான் விடிவு வந்தது. அன்றே படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டேன்.

மருந்தில் என் தேர்வு, பிடரியில் தோல்மேல் விடும் செலாமெக்டின். பூச்சி சில வேளை காதைவிட்டுக் கழுத்துக்கும் வாலடிக்கும் போகும். காதுச் சொட்டு அங்கே எட்டாது. தினமும் பூனையோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்வார். ஒரு மாதம் கழித்து மறுபடி காதைக் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் விடலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது. பூனை காதைத் துடைத்துக் காலை நக்கும். பூண்டு அதன் இரத்த அணுக்களை அழிக்கும். நாய்க்கான உண்ணி மருந்தையும் பூனைமேல் விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வந்து பூனை இறந்துபோகக்கூடும். தவறி விட்டிருந்தால், நடுக்கம் தொடங்கும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.