கணிதப் பட்டம் சேருமுன் ஒரு தாளில் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் வீரவநல்லூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்துவிடுகிறார்கள். நான் கணித ஆசிரியர் என்பதால் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பாளையங்கோட்டையிலேயே பி.எஸ்சி. கணிதம் சேர்க்கலாமா சார்? சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பயன்பாட்டுக் கணிதம் இருக்கிறதாம், அங்கே அனுப்பலாமா?" ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, கீழே உள்ளபடி கணக்குப் போடச் சொல்கிறேன்.

படி 1: பாடத்திட்டத்தைப் படியுங்கள்

பட்டத்தின் பெயரில் 'பயன்பாட்டு' என்ற சொல் இருக்கிறதா என்று தேடாதீர்கள். புள்ளியியல், எண்ணியல் முறைகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் திட்டமிடல், ஏதாவது ஒரு நிரலாக்க மொழி ஆகியவை எத்தனை பருவங்களில் வருகின்றன என்று எண்ணுங்கள். வெறும் 'கணிதம்' என்று பெயர் கொண்ட பட்டத்திலேயே இவை பலவும் இருக்கும். புள்ளியியலைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதில் முதுகலை முடித்திருக்க வேண்டும். பதினேழு வயதில் விருப்பப் பாடம் ஒன்றை மாற்றி எடுத்ததால் அந்தக் கதவு அடைபடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

படி 2: மூன்று ஆண்டுச் செலவு முழுவதையும் கூட்டுங்கள்

அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரே பாடம் உதவி பெறும் பிரிவிலும் சுயநிதிப் பிரிவிலும் நடக்கும். ஆனால் இரண்டுக்கும் கட்டணம் வேறு. "எந்தப் பிரிவில் இடம்?" என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

கணக்குக்காக நான் வைத்துக்கொள்ளும் தொகைகள் இவை. உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்துப் போய்வரும் மாணவிக்குக் கட்டணம் 10,000, பயணம் 6,000, புத்தகமும் மற்றதும் 4,000. ஆண்டுக்கு 20,000, மூன்று ஆண்டுக்கு 60,000 ரூபாய். அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 36 மாதத்துக்கு 36,000. வீட்டுக்கு மிஞ்சும் சுமை 24,000 ரூபாய்தான். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

சென்னைக் கல்லூரிக்கு ஆண்டுக்குக் கட்டணம் 1,20,000, விடுதியும் சாப்பாடும் 90,000, ஊருக்கு வந்துபோக 20,000 என்று வைத்தால் மூன்று ஆண்டில் 6,90,000 ரூபாய்.

படி 3: கடனை மாதத் தவணையாக மாற்றுங்கள்

பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. "படித்து முடித்துக் கட்டினால் போதும்" என்பது தவணைக்குத்தான் பொருந்தும். வட்டியோ பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது.

ஆண்டு தொடக்கத்தில் 2 லட்சம் வீதம் 6 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை என்று கொள்வோம். முதல் 2 லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 88,000. அடுத்ததற்கு மூன்று ஆண்டுக்கு 66,000. கடைசியதற்கு இரண்டு ஆண்டுக்கு 44,000. மொத்த வட்டி 1,98,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 7,98,000 ரூபாய் ஆகியிருக்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 11,000 ரூபாய். எல்லாம் கட்டி முடிக்கும்போது கொடுத்திருப்பது 13 லட்சத்துக்கு மேல்.

தவணை தொடங்கும்வரை வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை சுமார் 8,270 ரூபாயாகக் குறையும். முதல் ஆண்டில் அந்த வட்டி மாதம் 1,833 ரூபாய். முடிந்த குடும்பம் இதைச் செய்யாமல் விடக்கூடாது.

படி 4: கைக்கு வரும் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள்

கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்கைத் தவணை தாண்டக்கூடாது என்பது என் அளவுகோல். 11,000 தவணைக்கு 44,000 சம்பளம் வேண்டும். 22,000 சம்பளத்தில் தொடங்கினால் பாதி கடனுக்கே போய்விடும்; அதன் பிறகு சென்னையில் வாடகை எதிலிருந்து கொடுப்பது?

வங்கித் தேர்வும் குரூப் 2 தேர்வும்தான் இலக்கு என்றால், அங்கே பட்டம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதற்காகச் சென்னைக்குக் கடன் வாங்கிப் போவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

படி 5: மேற்படிப்புக்குத் தனிக் கணக்கு

எம்.எஸ்சி. படிக்கும் இரண்டு ஆண்டில் வராமல் போகும் சம்பளமும் செலவுதான். மாதம் 15,000 வேலையை விட்டுப் படித்தால் 3,60,000; அதோடு கட்டணம் 60,000. பிறகு சம்பளம் 6,000 கூடினால், போட்டதை எடுக்க 70 மாதம். ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, தாங்கக்கூடியதே. மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆக விரும்புகிறவர் பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பி.எட். இரண்டு என ஏழு ஆண்டுகளை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

ஐ.ஐ.டி. முதுகலைக்கான நுழைவுத் தேர்வான ஜாமுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே தயாராகும் பிள்ளை, பாளையங்கோட்டையில் பட்டம் முடித்து ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். ஆய்வுக்குப் போய் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பெரிய கல்லூரியை இளங்கலையில் தேடாமல் முதுகலைக்குத் தள்ளிவைக்கும் இந்த வழிதான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எனக்கு மிகவும் பிடித்தது.

படி 6: மூன்று பேரிடம் கேளுங்கள்

தாள் நிறைந்ததும் அதே துறையில் சென்ற ஆண்டு முடித்த மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். கல்லூரி காட்டும் ஆட்கள் வேண்டாம். உங்கள் பள்ளியில் மேல்வகுப்பில் படித்தவர்களாக இருந்தால் நல்லது. இப்போது என்ன வேலை, கைக்கு எவ்வளவு வருகிறது, சொல்லாமல் வாங்கிய கட்டணம் ஏதாவது உண்டா என்று கேட்டு, நீங்கள் அனுமானித்த எண்ணை அடித்து, அவர்கள் சொன்ன எண்ணை எழுதி, படி 2-லிருந்து மறுபடியும் கூட்டுங்கள்.